டயாபெட்டிக் பவுடர் டப்பாவை வைத்து 800 கலோரி டயட் இருக்க முடியுமா? வேலூரில் கிடைப்பவற்றைப் பற்றி ஒரு விமர்சனம்

சி.எம்.சி.க்கு எதிரே ஐடா ஸ்கடர் சாலையில் எந்த மருந்துக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்குப் பின்னால் ஓர் அலமாரி நிறையச் சத்து பவுடர் டப்பாக்கள் இருக்கும். அதில் ஒரு தட்டு முழுக்க சுகர்காரர்களுக்கானது. காட்பாடி காந்தி நகரிலும் சத்துவாச்சாரியிலும் இதே கதைதான். அந்தத் தட்டைக் கைகாட்டிக் கேட்பவர்களில் இப்போது ஒரு புது ரகம் சேர்ந்திருக்கிறது. சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூன்று மாதம் பவுடர் மட்டும் குடித்தால் சுகர் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் படித்தவர்கள். படித்ததில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை வேறு ஒரு பவுடரைப் பற்றியது. கடையில் இருப்பது வேறு வேலைக்காகச் செய்தது.

முதலில் அந்த உண்மை எவ்வளவு என்று பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு 2011ல் வெளியிட்ட ஆய்வில் 11 பேர் 8 வாரம் நாளுக்கு ஏறத்தாழ 600 கலோரியில் இருந்தார்கள். 510 கலோரி பவுடரிலிருந்து, மீதி மாவுச்சத்து இல்லாத காய்கறியிலிருந்து. ஒரே வாரத்தில் வெறும் வயிற்று சர்க்கரை சாதாரண அளவுக்கு இறங்கியது. ஈரலில் தேங்கிய கொழுப்பு முதலில் கரைகிறது, ஈரல் இரவெல்லாம் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுவதை நிறுத்துகிறது. கணையத்துக் கொழுப்பு அடுத்த சில வாரங்களில் மெதுவாகக் குறைய, இன்சுலின் சுரப்பு திரும்புகிறது. இது அவர்கள் தந்த விளக்கம். அடுத்து ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் சாதாரண குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகளில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வு, 2017 முடிவில் வெளிவந்தது. நாளுக்கு 825 முதல் 853 கலோரி, 3 முதல் 5 மாதம், சாப்பாடே கிடையாது. ஓராண்டில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம்.

அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதை வாட்ஸ்அப் சொல்வதில்லை. சர்க்கரை வந்து 6 ஆண்டுக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள், 65 வயதைத் தாண்டாதவர்கள், பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் அளவு) 27க்கு மேல் உள்ளவர்கள். இருபது வருஷமாக இன்சுலின் போடுபவர் டப்பாவைத் திறப்பதற்கு முன் இந்த வரியை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

லேபிள் சொல்வதும் சொல்லாததும்

கடையில் கிடைக்கும் டயாபெட்டிக் பவுடர்களின் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி பெரிதாக மாறுவதில்லை. 100 கிராமுக்குச் சுமார் 430 கலோரி, புரதம் 20 கிராமை ஒட்டி. ஒரு வேளைக்கு ஏறத்தாழ 50 கிராம், 200 மில்லி தண்ணீரில். அதாவது ஒரு டம்ளர் 215 கலோரி. நான்கு டம்ளர் குடித்தால் 860. ‘சரியாக வருகிறதே’ என்று இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கலோரி சரி, புரதம் 40 கிராம்தான் ஆகிறது.

மிகக் குறைந்த கலோரி உணவுக்கென்றே கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரவிதி ஒன்று 1995லிருந்து இருக்கிறது. 450 முதல் 800 கலோரி வரை உள்ள பவுடரில் ஒரு நாள் அளவுக்குத் தரமான புரதம் 50 கிராமுக்குக் குறையக் கூடாது, மாவுச்சத்தும் 50 கிராமுக்குக் குறையக் கூடாது, அன்றைக்கு வேண்டிய விட்டமினும் தாது உப்புகளும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். டைரக்ட் ஆய்வின் பவுடரில் கலோரியில் 26 சதவீதம் புரதம்; கணக்குப் போட்டால் 55 கிராம் வரும். நம் கடை டப்பா இந்த வேலைக்காகச் செய்ததல்ல. சாப்பிட முடியாத சர்க்கரை நோயாளிக்குச் சாப்பாட்டோடு கூடுதலாகக் கொடுக்க, அல்லது ஒரு வேளை டிபனுக்குப் பதிலாகக் கொடுக்கச் செய்தது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. மூன்று மாதம் அதை மட்டும் குடித்தால் கொழுப்போடு தசையும் கரையும். தராசில் எடை இறங்கும், மாடிப்படி ஏறும்போது கால் நடுங்கும்.

‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற எழுத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்பது சர்க்கரை என்ற பெயரில் வராத, சர்க்கரை போலவே ரத்தத்தில் ஏறும் மாவு. சேர்மானப் பட்டியலில் அது முதல் இடத்தில் இருந்தால் டப்பாவைத் திருப்பி வைத்துவிடலாம். ஐசோமால்ட்டுலோஸ், சுக்ரோமால்ட் (மெதுவாகச் செரிக்கும் சர்க்கரைகள்), நார்ச்சத்து வகைகள் முன்னால் இருப்பது நல்லது. விட்டமின் அட்டவணையில் ஒரு வேளைக்கான சதவீதத்தை நான்கால் பெருக்கிப் பாருங்கள். இரும்பு, கால்சியம், பொட்டாசியம் மூன்றில் எதுவாவது துண்டு விழும்.

கலக்குவதிலும் தவறு நடக்கும். வீட்டுப் பழக்கத்தில் பாலில் கலக்கிவிடுகிறார்கள். ஆவின் நீல பாக்கெட் பால் 200 மில்லிக்கு 120 கலோரி. நான்கு டம்ளருக்கு 480 கூடி, 860 என்று நினைத்தது 1,340 ஆகிவிடும். ‘பவுடர் மட்டும்தான் குடிக்கிறேன், எடை இறங்கவே இல்லை’ என்ற புகாரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அடுத்தது ஸ்பூன். டப்பாவுக்குள் இருக்கும் ஸ்கூப்பைத் தலைதட்டி எடுக்க வேண்டும். கோபுரமாக அள்ளினால் நாளுக்கு 100 கலோரி சத்தமில்லாமல் ஏறும். சமையல் தராசு ஒன்று வாங்கி 50 கிராமை நிறுத்துவிட்டால் தொல்லையில்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கட்டி தட்டும். ஆறிய தண்ணீரை முதலில் ஊற்றி, மேலே பவுடரைத் தூவி, மூடி போட்ட பாட்டிலில் குலுக்கினால் கட்டி வராது. சுவையைப் பொறுத்தவரை வெனிலா ஒரு வாரத்துக்குமேல் திகட்டும். ஒரு கரண்டி டிகாஷனும் சிட்டிகை சுக்கும் போட்டால் சமாளிக்கலாம். சாக்லேட் என்று விற்பது இன்னும் மோசம்.

விலைக் கணக்கையும் சொல்லிவிடலாம். நாளுக்கு 200 கிராம் என்றால் 400 கிராம் டப்பா இரண்டே நாள். 12 வாரத்துக்கு 42 டப்பா. ஒரு டப்பா 700 ரூபாய் என்று வைத்தால் 29,400 ரூபாய். இவ்வளவு செலவழித்துப் புரதம் பற்றாத உணவை வாங்குவதில் அர்த்தம் இல்லை.

காலை நேர ஷேக் கிளப்புகள்

வீட்டு மாடியிலோ சின்னக் கடையிலோ, காலையில் ஒரு டம்ளர் ஷேக்கும் ஒரு டம்ளர் டீயும் கொடுக்கும் கிளப்புகள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. அவர்கள் தரும் ஷேக் ஒரு வேளை, அதிகம் போனால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகத் தயாரானது. முழு நாள் உணவாக அல்ல. கூட்டமாக எடை பார்ப்பதும் கைதட்டுவதும் சிலருக்கு உற்சாகம் தரும், மறுக்கவில்லை. ஆனால் ‘நீங்கள் என்ன சுகர் மாத்திரை போடுகிறீர்கள்?’ என்று கேட்காத இடத்தில் சர்க்கரை நோயாளி கலோரியைப் பாதியாகக் குறைப்பது ஆபத்து. ஏன் என்பது கீழே வருகிறது. எங்கள் மதிப்பெண்: சுகர் இல்லாதவர்களுக்கு அவரவர் இஷ்டம், மாத்திரை போடுபவர்களுக்கு வேண்டாம்.

பாதி டப்பா, பாதி நேதாஜி மார்க்கெட் காய்கறி

பவுடருக்கு உண்மையான ஒரு பலம் உண்டு. எவ்வளவு சாப்பிடலாம் என்று யோசிக்கிற வேலையே இல்லை. அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு, புரதக் குறையைச் சாப்பாட்டால் அடைப்பதுதான் இந்த ஊர்க் கடைகளை வைத்துச் செய்யக்கூடிய நல்ல ஏற்பாடு. ஒரு நாள் கணக்கு இப்படிப் போகும்.

காலையும் இரவும் ஒவ்வொரு டம்ளர் பவுடர், தண்ணீரில்: 430 கலோரி, புரதம் 20 கிராம். மதியம் உலர்ந்த சோயா உருண்டை 40 கிராம், வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்தது: 138 கலோரி, 21 கிராம். முட்டை வெள்ளைக்கரு மூன்று: 51 கலோரி, 11 கிராம். காய்கறி 300 கிராம்: 75 கலோரி, 5 கிராம். எண்ணெய் ஒரு டீஸ்பூன்: 45 கலோரி. மாலையில் 100 கிராம் தயிரைக் கடைந்து அரை லிட்டர் நீர்மோர்: 60 கலோரி, 3 கிராம். கூட்டினால் 799 கலோரி, புரதம் 60 கிராம். முட்டை சேராதவர்கள் சோயாவை 60 கிராம் ஆக்கலாம். கறி சாப்பிடுபவர்கள் சோயாவுக்குப் பதில் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராம் போடலாம், கலோரி இன்னும் சற்றுக் குறையும். பவுடர் பாதியானதால் விட்டமினும் பாதியாகும். மல்டிவிட்டமின் மாத்திரையும் கால்சியமும் தினம் கட்டாயம் வேண்டும். டப்பாச் செலவும் பாதியாகும்.

காய்கறி என்றால் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், முள்ளங்கி, கோஸ், வெள்ளரி, கீரை. உருளை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், பட்டாணி இந்தக் கணக்கில் வராது. நம் ஊர் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 200 கிராம் வெறும் 50 கலோரி. ஆனால் கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கும். நாலாகப் பிளந்து எண்ணெயில் வதக்கி, எள்ளும் வேர்க்கடலையும் அரைத்து ஊற்றினால் அந்த 50, 300ஐத் தாண்டும். புளி, தக்காளியோடு மூடி வேகவைத்து, கடைசியில் அளந்து வைத்த ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொட்டினால் ருசி கெடாது. எண்ணெயைத் தூக்கிலிருந்து சரித்து ஊற்றும் பழக்கம்தான் இந்த டயட்டின் முதல் எதிரி. அந்த ஒரு டீஸ்பூனையும் விட்டுவிட வேண்டாம். கொழுப்பே இல்லாமல் வேகமாக எடை குறைந்தால் பித்தப்பை சுருங்காமல் பித்தம் தேங்கிக் கல் உண்டாகலாம். வலது விலாவுக்குக் கீழே வலியும் வாந்தியும் வந்தால் ‘கேஸ்’ என்று சோடா குடிக்காமல் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

களியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கேழ்வரகுதானே’ என்று மதியம் ஓர் உருண்டை சேர்த்துக்கொள்வது இந்தப் பக்கத்தில் சகஜம். பெரிய உருண்டைக்கு 100 கிராம் மாவு போகும், 320 கலோரிக்குமேல். அரிசியைவிட நார்ச்சத்து உண்டு, கால்சியம் ஏராளம், எல்லாம் சரி. இந்த மூன்று மாதத்துக்கு இடமில்லை. ஆடி மாதத்துக் கூழுக்கும் இதே பதில். ஆம்பூர் பிரியாணி ஒரு பிளேட் அன்றைய கணக்கை ஏறக்குறைய மொத்தமாக விழுங்கிவிடும் என்பதால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தண்ணீர் நாளுக்கு இரண்டேகால் லிட்டராவது வேண்டும். சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் நீரும் உப்பும் நின்றுபோவதால், தலைவலி, கிறுகிறுப்பு, அசதி 2வது நாளிலிருந்து 4வது நாள்வரை வாட்டும். வேலூர் கத்திரி வெயிலில் 3 லிட்டருக்குக் குறையக் கூடாது. மோரில் உப்பைக் குறைக்க வேண்டாம். மே மாதத்தில் இதைத் தொடங்குவதே அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை. ரம்ஜான் நோன்பையும் இதையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. மலச்சிக்கலுக்கு இசப்கோல் ஒரு டீஸ்பூன், காலையும் இரவும், பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் இசப்கோலே அடைப்பாகிவிடும். மூன்றாம் மாதம் தலைமுடி கொட்டுவது எடை வேகமாகக் குறைவதன் விளைவு, பெரும்பாலும் திரும்ப முளைக்கும். யூரிக் ஆசிட் ஏறும். ஏற்கெனவே கால் கட்டைவிரல் மூட்டு வீங்கிய அனுபவம் உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு ஸ்பூனும் கலக்காதீர்கள்

கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைப்பவை. சாப்பாடு பாதியானாலும் அவை வேலையைக் குறைக்காது. முதல் வாரத்திலேயே சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பக்கூடும். இன்சுலினுக்கும் இதுவே. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை வேறு விதம். இவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும். மாவுச்சத்து குறைந்த டயட்டோடு சேர்ந்தால், குளுக்கோமீட்டர் 180 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகி, வாந்தியும் மூச்சிரைப்பும் வரக்கூடும். டபாகிளிஃப்ளோசினுக்கு 2020லும் எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025லும் காப்புரிமை முடிந்து விலை இறங்கிவிட்டதால், பல சீட்டுகளில் இப்போது இவை இருக்கின்றன, மெட்ஃபார்மினோடு ஒரே மாத்திரையாகவும். பெட்டியின் பின்புறத்தில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

டைரக்ட் ஆய்வில் சுகர், பி.பி. மாத்திரைகள் எல்லாவற்றையும் முதல் நாளே நிறுத்தினார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டில் நிறுத்திக்கொள்வது தவறு. அங்கே பி.பி. ஏறினால் எதை மறுபடி கொடுப்பது என்று எழுதிவைத்த முறையும், பார்த்துக்கொள்ள நர்ஸும் டயட்டீஷியனும் இருந்தார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ சி.எம்.சி.யோ குடும்ப டாக்டரோ, யாராவது ஒருவர் தேதி போட்டு எழுதிக் கொடுத்த பிறகே தொடங்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள் அந்தப் பணியாளரிடமும் டயட் தொடங்கியதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நிறுத்தச் சொன்ன மாத்திரை மாதாமாதம் வந்துகொண்டிருக்கும், வீட்டில் யாராவது ‘மறந்துட்டீங்களே’ என்று எடுத்துக் கொடுப்பார்கள்.

குளுக்கோமீட்டரில் முதல் இரண்டு வாரம் தினம் வெறும் வயிற்றிலும் மாலையிலும் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே போனால் சர்க்கரை மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, டாக்டரைக் கூப்பிட வேண்டும். எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ பி.பி.யின் மேல் அளவு 100க்குக் கீழே வந்தாலோ பி.பி. மாத்திரை அதிகமாகிவிட்டது. தொடங்குமுன் எடுக்க வேண்டியவை: சர்க்கரையின் மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ.1.சி.), சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், பொட்டாசியம், யூரிக் ஆசிட், ஈரல் பரிசோதனை, ஈ.சி.ஜி., கண் விழித்திரைப் பரிசோதனை. விழித்திரையில் ஏற்கெனவே கசிவு இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அதை மோசமாக்கக்கூடும் என்பதால் கண்ணை விட்டுவிடக் கூடாது.

ஒல்லியாக இருப்பவர்கள் நில்லுங்கள்

இந்த விஷயத்தில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. சிறு வயதில் சத்துக் குறைவால் ஒல்லியானவர்களுக்கு வரும் ஒரு வகைச் சர்க்கரை நோயில், உடல் இன்சுலினை எதிர்ப்பதில்லை, சுரப்பதே குறைவாக இருக்கிறது என்று சி.எம்.சி.யில் நடந்த ஆய்வு 2022ல் காட்டியது. 2025ல் பாங்காக்கில் கூடிய சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. கணையத்தில் கல் விழுந்து வரும் சர்க்கரையும் நம் பக்கத்தில் உண்டு. இவர்களுக்குக் கரைக்கக் கொழுப்பே இல்லை. சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு உருகும். பி.எம்.ஐ. 19ஐ ஒட்டி இருப்பவர், கேட்காமலே எடை குறைந்துகொண்டிருப்பவர், அடிக்கடி வயிற்று வலியும் எண்ணெய்ப் பசையோடு மலமும் போகிறவர் சி-பெப்டைடு பரிசோதனை (உடல் தானே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது) பார்க்காமல் இந்தப் பக்கம் வரக் கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், முதல் வகைச் சர்க்கரைக்காரர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களுக்கும் இது கிடையாது.

‘நான் குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை, தொப்பை மட்டும்’ என்பவர்கள்தான் இங்கே அதிகம். அவர்கள் மனம் தளர வேண்டாம். பி.எம்.ஐ. 27க்குக் கீழ் உள்ள 20 பேரை வைத்து நியூகாசில் குழு 2023ல் வெளியிட்ட ஆய்வில் 14 பேருக்கு நோய் பின்வாங்கியது. குறைத்த எடையும் கொஞ்சம்தான். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டிய இடுப்பளவு இருந்தால் டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம்.

சோறு திரும்பும் நாள்

முழு வெற்றியும் இங்கேதான் கைநழுவும். 12வது வாரம் முடிந்த மறுநாள் தலைவாழை இலை போடுபவர்களுக்கு எடை அதே வேகத்தில் திரும்பும். ஒரு டம்ளர் பவுடரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 400 கலோரிச் சாப்பாடு, இரண்டு வாரம். பிறகு அடுத்த டம்ளர். 400 கலோரி என்பது 50 கிராம் பொன்னி அரிசியில் வடித்த சோறு, ஒரு கப் கெட்டிப் பருப்பு சாம்பார், இரண்டு பொரியல், ஒரு முட்டை. அரிசியை வேகும்முன் நிறுக்க வேண்டும். வெந்த சோற்றைக் கண்ணால் அளக்க முடியாது. ஹோட்டல் தோசையைக் கடைசியில் சேர்ப்பது நல்லது.

மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் மூன்று மாத சராசரி 6.5 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நோய் தணிந்திருக்கிறது என்று கணக்கு. ‘குணமாகிவிட்டது’ என்று விளம்பரம் செய்யும் டப்பாவையோ ஆளையோ நம்ப வேண்டாம். டைரக்ட் ஆய்வில் 5 ஆண்டுவரை தொடர்ந்த 85 பேரில் தணிந்த நிலையிலேயே நின்றவர்கள் 11 பேர்தான். எடை ஏற ஏற சுகரும் திரும்பியது. ஆகவே மூன்று மாத சராசரியை 6 மாதத்துக்கு ஒருமுறையும், கண்ணையும் சிறுநீரகத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையும் பார்த்தாக வேண்டும். வாரம் ஒருநாள் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதிவையுங்கள். குறைந்த அளவிலிருந்து 2 கிலோ ஏறிய உடனே, ஐந்து கிலோ ஆகட்டும் என்று காத்திருக்காமல், டாக்டரிடம் சொல்லிவிட்டு மேலே சொன்ன இரண்டு டம்ளர் முறைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் திரும்பலாம். அதற்காக இரண்டு ரீஃபில் பாக்கெட் வாங்கி வைக்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ பாக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் ஆயுள் குறைவு. பிரித்த பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைக்காமல் இறுக மூடி, ஈரமில்லாத ஸ்பூன் போட்டு, மூன்று வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.